பெனடிக்றின் காய்ச்சல்

எண்பத்தெட்டா, எண்பத்தொன்பதா, எனக்குச் சரியாக நினைவில்லை. எட்மண்டனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஐரிஷ்காரரின் மட்டை விளையாட்டான ஹேர்லிங்கின் கிளப் இறுதியாட்டமும், ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவரின் கிரிக்கெட் இறுதியாட்டமும் பெனடிக்றுக்கு ஒரே நேரத்தில் வந்துவிட்டன.

"நீங்கள் போகாட்டி கிரிக்கெட்டுக்குப் பத்துப் பேர்தான். அங்க படிச்ச ஆக்கள்தான் ஆடலாம். வேற ஆளைப் பிடிக்கவும் ஏலாது," என்றாள் மனைவி அஞ்சலீனா.

"ஹேர்லிங்கில நான்தானப்பா கோல் காக்கிறது. கிரிக்கெட் கப்டன் யோகலிங்கத்திட்ட எனக்குக் காய்ச்சல் எண்டு சொல்லிவிடும்."

"பின்வளவில தினமும் உங்களுக்குப் பந்து போட்டு என்ர தோள் கழண்டதுதான் மிச்சம்!"

பெனடிக்ற் ஹேர்லிங் மட்டையோடு கிளம்பினான்.

மாலையில், வென்ற பதக்கம் கழுத்தில் தொங்க அவன் திரும்பியபோது வாசலில் கிரிக்கெட் அணியின் வான் வண்டி நின்றது. அணித்தலைவன் யோகலிங்கம் இறங்கி வந்தான். பெனடிக்ற் இருமிப் பார்த்தான்.

"நடிக்காதேங்கோ அண்ணை. நாங்களும் வெண்டிட்டம்."

"பத்துப் பேரோடயோ?"

"பதினொரு பேர். அஞ்சு விக்கெட் எடுத்ததே அந்தப் பதினோராவது ஆள்தான்."

வானிலிருந்து கோப்பையோடு அஞ்சலீனா இறங்கினாள்.

"நானும் அங்கதானே படிச்சனான்," என்றாள்.

பெனடிக்ற் அதற்குப் பிறகு ஹேர்லிங் மட்டுமே ஆடினான். அஞ்சலீனா ஆறு வருடம் அந்த அணிக்குப் பந்து வீசினாள். யோகலிங்கம் தலைமையை அவளிடம் கொடுத்துவிட்டு நடுவரானான்.