அந்தோனியாரின் தெரிவு

அந்தோனியார் சொரூபத்தின் காலடியில், ஒரு பிஸ்கட் ரின் மூடிக்குள் மூன்று சீட்டுகள் சுருண்டு கிடந்தன. இந்த மூன்றில் ஒன்றோடுதான் இனிக் காலம் தள்ளவேண்டும் என்று நினைக்க மில்ரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெண் பார்க்கும் விசயமல்ல. அரிப்பு மீனவர் சங்கத்துக்கு வலைத்தளம் செய்ய எந்தப் பிரேம்வேர்க்கைப் படித்துத் தொடங்குவது என்பதுதான் வழக்கு. பிரேம்வேர்க் என்றால் தூணும் கூரையும் முதலே போட்டுத் தந்த மீள்குடியேற்ற வீடு மாதிரி. சுவரை மட்டும் நாம் வைத்துக்கொள்ளலாம்.

போர் முடிந்து சனம் ஊருக்குத் திரும்பி ஏழு வருடமாகியும், நண்டுக்கு விலை சொல்வது கரையில் கொட்டில் போட்டு மீன் வாங்கும் வாடி முதலாளிதான். கொழும்பு ஹோட்டல்களுக்கு நேரே விற்க ஒரு தளம் செய்து தரும்படி மில்ரனையும் அவனுடைய மச்சாள் மதுஷிகாவையும் சங்கம் கேட்டிருந்தது. இருவரும் மன்னாரில் ஆறு மாதக் கணினி வகுப்பு முடித்தவர்கள். சங்கத்துக்குக் கிடைத்த ஒரேயொரு மடிக்கணினி, ஆம்பிளைப் பிள்ளை என்ற ஒரே தகுதியில் மில்ரன் வீட்டில் இருந்தது.

கேட்டு ஐந்து மாதம் ஆகிவிட்டது. மில்ரன் துரை இன்னும் மூன்று பிரேம்வேர்க்கையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். லாரவெல்லை நிறையப் பேர் படிக்கிறார்கள், ஆகவே அது மட்டம். ஆங்குலர், வகுப்பு வாத்தியார் சொன்னது, ஆகவே அதுவும் மட்டம். மனதுக்குப் பிடித்த ஜாங்கோவையும், நாளைக்கு இதைவிடத் திறமானது வந்துவிட்டால் என்ன செய்வது என்று தொடாமல் வைத்திருந்தான். லாரவெல்லில் தொடங்குவோம் என்று மதுஷிகா சொன்ன நாளிலிருந்து அவளை ஒரு மனிசியாகவே மதிப்பதில்லை.

"வாற மாசம் ஹோட்டல் மனேஜர் வாறார். காட்ட ஒண்டும் இல்லையெண்டா பழையபடி வாடிக்காரன்ர காலிலதான் விழவேணும்," என்றார் சங்கத் தலைவர் அமிர்தநாயகம். "கரைவலைக்குப் போடுற மாதிரிச் சீட்டுப் போடுவம். விழுந்த பிறகு ஒருத்தரும் வாய் திறக்கப்படாது."

எந்த நாள் யார் வலை வளைப்பது என்பதை அந்தக் கரையில் சீட்டுத்தான் தீர்மானிக்கும். விழுந்த சீட்டை மறுத்தவனோடு பிறகு யாரும் வலை இழுக்க வரமாட்டார்கள்.

"தலைவர், இது விஞ்ஞானம். சொரூபத்திட்டக் கேக்கிற விசயமில்லை," என்றான் மில்ரன்.

"அஞ்சு மாசமா உம்மட விஞ்ஞானத்திட்டத்தானே தம்பி கேட்டனாங்கள். அது ஒரு பதிலும் சொல்லேல்லையே."

சீட்டுகளை எழுதிச் சுருட்டியது மதுஷிகா. அதைப் பார்ப்பதே தன் படிப்புக்கு இழுக்கு என்று மில்ரன் யன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தான்.

தலைவர் சிலுவை போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். ஆங்கில எழுத்து அவருக்குப் பிடிபடாததால் மில்ரனிடம் நீட்டினார்.

"ஜாங்கோ," என்று வாசித்தான் மில்ரன். முகம் மலர்ந்ததை அவனால் மறைக்க முடியவில்லை.

மதுஷிகா மற்ற இரண்டையும் அள்ளிக்கொண்டுபோய்ச் சங்கத்துத் தேத்தண்ணி அடுப்புக்குள் போட்டாள். "விழாத சீட்டு காலில மிதிபடக்கூடாது," என்றாள்.

இப்படி ஒரு பட்டிக்காட்டோடு சேர்ந்து வேலை செய்யவேண்டிய தலைவிதியை மில்ரன் நொந்துகொண்டான். ஆனாலும் உள்ளுக்குள் குளிர்ந்துபோயிருந்தான். "அந்தோனியாருக்கு உன்னைவிடக் கொம்பியூட்டர் தெரியும் போல," என்றான். ஐந்து மாதமாக வாய்க்கு வாய் காட்டியவள் இன்றைக்கு அடுப்பைக் கிளறிக்கொண்டு நின்றது அவனுக்கு நல்ல ருசியாக இருந்தது.

அன்றைக்கே தொடங்கிவிட்டான். புதிதாக ஒன்று வந்திருக்கிறது என்று யாராவது சொன்னால், சீட்டு விழுந்துவிட்டது என்று கையை விரித்தான். பிழைக்கு மேல் பிழை வந்தது, திட்டித் திட்டித் திருத்தினான். மதுஷிகாவும் கூட இருந்து ஜாங்கோவைப் படித்து, அவன் பாதியில் விட்டதையெல்லாம் செய்து முடித்தாள். அதை அவன் ஒரு பொருட்டாக எடுக்கவில்லை.

மனேஜர் வந்தார். தளத்திலிருந்த நண்டுப் படத்தில் விரலை வைத்தார். சங்கத்துக் கைபேசியில் முதல் ஓடர் வந்து விழுந்தது. கிழமைக்கு இரண்டு தரம் லொறி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெழுகுதிரி வாங்கப் புறப்பட்டார்.

கேள்விப்பட்டு மறுகிழமையே நுஃமான் வந்தார். எருக்கலம்பிட்டிக்குத் திரும்பி வந்து துணிக்கடை போட்டிருப்பவர். "எங்கட கடைக்கும் ஒண்டு வேணும் தம்பி. எதில செய்யப்போறீங்கள்?" என்று கேட்டார்.

மில்ரன் கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டான். "அதுக்கு எங்களிட்ட ஒரு முறை இருக்குது நானா. இவள்ர கதையைக் கேட்டிருந்தா இண்டைக்கும் வாடி வாசலிலதான் நிண்டிருப்பம். அந்தோனியார் ஒருநாளும் பிழை விடமாட்டார்." பிறகு மதுஷிகாவைப் பார்த்து விரலைச் சொடுக்கினான். "மச்சாள், கொப்பியை எடு. மூண்டு சீட்டு எழுது."

மதுஷிகா தாளைக் கிழித்தாள். பேனை மூடியைக் கழற்றிவிட்டு, வலையில் ஏறிய சொத்தி மீனைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தாள்.

"உனக்கு எது வேணுமெண்டு சொல்லு, போன முறை மாதிரி மூண்டிலயும் அதையே எழுதிவிடுறன்."