கூடுதலாக ஒரு கோடு

"யார் பண்ணின வேலை இது?"

ஆய்வுக்கூடத் தலைவர் போட்ட சத்தத்தில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் சிடுமூஞ்சி. அது அவருக்கும் தெரியும்.

இதய ரத்தக் குழாய்க்குள் வைக்கப்போகிற புது பிளாஸ்டிக். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் போட்டுப் பார்த்ததில், இருக்கவே கூடாத ஏதோ ஒன்று திரையில் கூடுதல் கோடாக வந்து நின்றது. பொல்லாத மெஷின் அது. தூசியிலே தூசி ஒட்டியிருந்தாலும் எடை போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். சாயங்காலத்துக்குள் 'சுத்தம்' என்று அறிக்கை போகாவிட்டால் இத்தனை நாள் உழைப்பும் அம்போ.

"நான்தான் சார்," என்றாள் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பெண். "கைக்கு க்ரீம் தடவியிருந்தேன். ஒட்டிக்கிச்சு போல."

"இது லேபா, அழகு நிலையமா? கையுறை போடுங்க, கையுறை போடுங்கன்னு தொண்டை கிழியக் கத்தறேனே, காதுல விழலையா? இன்னொரு தடவை இப்படி நடந்தா வேலைக்கே வர வேண்டாம்."

"சரி சார்."

அழவும் இல்லை, முறைக்கவும் இல்லை. அதுவே அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. மத்தியானம் மெஷின் அறைக்கே போய்விட்டார்.

"புது சாம்பிள் என்னாச்சு?"

"ஓட்டிட்டேன் சார். சுத்தமா இருக்கு. அனுப்பிடலாம்."

"அது என்ன க்ரீம்? பேரைச் சொல்லு. இனிமே அது இந்தக் கட்டடத்துக்குள்ளேயே வரக் கூடாது."

அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். திரையை அவர் பக்கம் திருப்பினாள். கூடுதல் கோட்டின் கீழே மெஷினே அந்த ரசாயனத்தின் பெயரையும் எழுதியிருந்தது.

க்ரீம் இல்லை. தினமும் காலையில் காருக்குள் உட்கார்ந்து, பாதியாக உடைத்து, பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாமல் அவர் விழுங்குகிற மனச்சோர்வு மாத்திரை.

"இப்படித்தான் எடுக்கணும்" என்று காலையில் வெறுங்கையால் சாம்பிளை எடுத்துக் காட்டியதும் அவரேதான்.

அவர் மெல்ல உட்கார்ந்தார். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

"யார்கிட்டயாவது..."

"க்ரீம்னுதானே சார் சொன்னேன்."

"இது என்ன மாத்திரைன்னு... உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"ரொம்ப நாளா நானும் இதைத்தான் சார் சாப்பிடறேன்," என்றாள் அவள். "என்ன, நான் கையுறை போட்டுக்குவேன்."