சக்கரவர்த்திக்குச் சம்பந்தி

மகன் முகுந்த் ரஷ்யப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறான் என்றதும் வனஜா அழுது தீர்த்தாள். பெண்ணின் கொள்ளுப்பாட்டி ஜார் சக்கரவர்த்தி வீட்டு இளவரசி என்று தெரிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுக்குமாடி சொசைட்டி முழுவதற்கும் பேடா கொடுத்தாள்.

"இனிமே நாங்க சக்கரவர்த்திக்குச் சம்பந்தி!"

சாஸ்திரிகள் ஒரே கேள்விதான் கேட்டார். "பொண்ணு என்ன கோத்திரம்?"

"ரஷ்யாக்காரிக்குக் கோத்திரம் ஏது?" என்றாள் வனஜா.

"நம்மவா யாராவது அவளை ஸ்வீகாரம் பண்ணிண்டு, தாரை வார்த்துக் குடுக்கணும். அப்புறம் அவாதான் அவளுக்கு அம்மா, அப்பா."

பக்கத்து ஊர்களான பிம்ப்ரியிலும் போசரியிலும் இருந்த உறவுக்காரர்கள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவினார்கள். கடைசியில் வனஜா வீட்டில் சமையல் செய்யும் ஜெயம் மாமியும் அவள் கணவரும்தான் மணையில் உட்கார்ந்தார்கள். கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது.

மறுநாள் வெயில் ஏறியும் வீட்டில் காபி வாசனையே இல்லை. வனஜா ஜெயம் மாமிக்குப் போன் செய்தாள்.

"என்ன மாமி, இன்னும் சமைக்க வரலை?"

"நன்னா இருக்கே சம்பந்தி! பொண்ணைக் குடுத்த வீட்டுல சம்பளத்துக்குக் கரண்டி பிடிச்சா ஊர் சிரிக்காதா? இனிமே நீங்கதான் பார்த்துக்கணும். என் பொண்ணை மட்டும் அடுப்படிப் பக்கம் விட்டுடாதீங்கோ. ராஜ வம்சமாக்கும்!"