காது கேட்கும் விளக்கு

“வீட்டுக்காரர் இல்லையாம்மா?” என்று கேட்டுக்கொண்டே விடுதிக்காரர் செருப்பைக் கழற்றினார். கடற்கரையில் கட்டிக்கொண்டிருக்கும் புது விடுதிக்கு விளக்கு பார்க்க வந்திருந்தார்.

“காலையிலேயே வெளியூர் கிளம்பிட்டார் சார். நீங்க உள்ள வாங்க” என்றாள் அவள்.

விளக்கு வடிவமைப்பதுதான் அவள் தொழில். மாதக்கணக்கில் இந்த ஒரே விளக்கோடு மல்லுக்கட்டியிருந்தாள். இது கைகூடாவிட்டால் மறுபடி பழைய கம்பெனிக்குப் போய், டியூப்லைட் அட்டைப்பெட்டிக்குப் படம் போடவேண்டியதுதான்.

கூடத்தில் ஒரு பாய், சமையலறைச் சுவரை ஒட்டி ஒரு தாழ்வான பலகை, அதன்மேல் விளக்கு. மற்ற தட்டுமுட்டுச் சாமான்கள் எல்லாம் படுக்கையறையில் கட்டில்மேல் ஏறியிருந்தன.

“ஜப்பான்காரங்களுக்கு அழகுன்னா சேர்க்கறது இல்ல சார், எடுக்கறது.”

“நல்லாத்தான் எடுத்திருக்கீங்க, உட்காரக்கூட ஒண்ணும் இல்ல” என்று பாயில் சம்மணமிட்டவர் மூக்கை உறிஞ்சினார். “என்னமோ கருகின வாடை வருதே?”

“அடுப்புல பாலை வெச்சு மறந்துட்டேன் சார்.”

அவள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு சுவிட்சைப் போட்டாள். முழுநிலா போலிருந்த காகித உருண்டை மெல்ல ஒளிர்ந்தது.

“இப்போ பாருங்க சார்” என்றாள், எதிரில் இருப்பவரிடம் பேசத் தேவையானதைவிடக் கொஞ்சம் உரக்க.

நிலா பிரிந்தது. காகிதம் மடிப்பு மடிப்பாக விலகி, முதலில் ஒரு காது எழுந்தது. சற்று யோசித்து இன்னொன்று எழுந்தது. பிறகு ஜப்பான் கார்ட்டூனிலிருந்து இறங்கி வந்ததுபோல், பெரிய கண்களோடு ஒரு முயல் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது.

விடுதிக்காரர் பாயிலேயே விளக்கின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

“உருவம் மாறுற விளக்கு நிறையப் பார்த்துட்டேன்மா. எல்லாம் கதவு திறக்கிற மாதிரி திறக்கும். இது தூங்கி எழுந்திரிக்குது. முழுக்க உங்க வேலையா?”

“முழுக்க நான்தான் சார்.”

“வீட்டுக்காரர் என்ன பண்றார்?”

“கார்ட்டூன் படத்துக்கு வரைவார். இப்போ வேலை இல்ல, சும்மாதான் இருக்கார். இதுல அவர் ஒரு துரும்பைக்கூட நகர்த்தல.”

முயலின் காதுகள் இரண்டும் பொத்தென்று தொங்கின.

“குரலைக் கேட்டு அசையும் சார்” என்றாள் அவசரமாக. “உள்ள சென்சார் இருக்கு. பேச்சுல கொஞ்சம் கடுப்பு தெரிஞ்சாலும் வாடிடும்.”

“அப்படியா?” விடுதிக்காரர் முயலின் பக்கம் குனிந்து, குழந்தையிடம் சொல்வதுபோல் கனிவாகச் சொன்னார். “அறைக்கு ஒண்ணுன்னு நூறு விளக்கு வேணும். மழைக்காலத்துக்குள்ள முடிச்சுக் கொடுக்கணும்.”

முயல் படக்கென்று நிலாவுக்குள் சுருண்டுகொண்டது.

“சென்சார் புதுசு சார், இன்னும் பழகல” என்றாள். அட்டைப்பெட்டிகள் கண்முன் அடுக்கடுக்காக வந்து நின்றன.

விடுதிக்காரர் பையைத் திறந்து ஒப்பந்தத்தை எடுத்தார். தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை அவளிடம் நீட்டினார். நம்பமுடியாமல் அவளும் போட்டு, தாளைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் வாங்கவில்லை.

“கருகிப்போன மோட்டாரை மாத்திக்கலாம்மா” என்றார். “முதல்ல சமையலறையில நூல் இழுக்கிறவரைக் கூப்பிடுங்க, அவரும் கையெழுத்துப் போடட்டும்.”