பல்லவியிலேயே கொட்டாவி

கவிஞர் முதலில் சினிமாவுக்குப் பாட்டெழுதப் போனார். அவர் வாசித்துக் காட்டிய இரண்டாவது சரணத்திலேயே இசையமைப்பாளர் குறட்டை விட்டார். பிறகு கவிஞர் சொந்தமாக இசைக் கம்பெனி தொடங்கினார். அவர் திட்டத்தை விளக்க விளக்க, கூட்டாளிகளாகச் சேர வந்தவர்கள் நாற்காலியிலேயே கண்ணயர்ந்தார்கள்.

இப்போது ஒரு பள்ளியில் பாட்டு வாத்தியார் வேலை.

"இதையாவது கெட்டியா பிடிச்சுக்குங்க. கொஞ்சம் குரலை ஏத்தி இறக்கிப் பாடுங்க," என்று சொல்லி அனுப்பினாள் மனைவி.

மதியச் சாப்பாடு முடிந்ததும் முதல் வகுப்பு. எதிரே இருபது பேர். தான் எழுதிய பாட்டையே எடுத்துவிட்டார். பல்லவியிலேயே முன்வரிசை கொட்டாவி விட்டது. சரணம் முடிவதற்குள் இருபது பேரும் சாய்ந்துவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை கதவைத் திறந்தார்.

"மன்னிச்சிடுங்க மேடம், நானே கிளம்பிடுறேன்," என்று பையைத் தூக்கினார் கவிஞர்.

"ஷ்ஷ்! மெதுவா பேசுங்க சார்!" தலைமையாசிரியை நுனிக்காலில் நடந்து வந்தார். "போன மாசம் மட்டும் நாலு பேர் வேலையை விட்டு ஓடிட்டாங்க. மூணு வயசுப் பிள்ளைங்களை மத்தியானம் தூங்க வைக்கிறது லேசுப்பட்ட காரியமா? நாளையிலேருந்து பக்கத்து வகுப்பையும் நீங்களே பார்த்துக்குங்க!"