விட்டுப்போன பெயர்

பதுளையில் நான் படித்த கல்லூரியில் பழைய அதிபரின் நினைவுப் பேருரை வருஷா வருஷம் நடக்கும். இந்த முறை பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பூனாகலையிலிருந்து மழையோடு வந்து இறங்கினேன்.

முன்வரிசையில் லோகிதராஜா சேர் உட்கார்ந்திருந்தார். போன வருஷம் பேசியவர். அன்று போர்த்திய பொன்னாடை இன்னும் தோளில் கிடந்தது. பூஞ்சண வாடை அடித்தது.

"எப்ப வந்தீங்க சேர்?"

"நான் எங்க போனேன்? நன்றியுரையில என் பேரை விட்டுட்டாங்க. இந்தத் தடவையாவது சொல்லச் சொல்லுங்க தம்பி. வீட்டுல தேடுவாங்க."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

நன்றியுரை துஷாந்தினி டீச்சருடையது. அவரிடம் சொன்னேன். "கட்டாயம் சொல்றேங்க" என்றார், ஆச்சரியமே படாமல்.

பேசி முடித்தேன். எனக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். டீச்சர் விளக்கேற்றியவர்களுக்கு நன்றி சொன்னார். ஒலிபெருக்கி தந்த புவாத் முதலாளிக்குச் சொன்னார். வடை சுட்டவர்களையும் விடவில்லை. கடைசியாக, "லோகிதராஜா சேருக்கும் எங்கள் நன்றி."

அவர் சட்டென்று எழுந்தார். என் பக்கம் திரும்பாமலே வெளியேறினார். வாசலில் பசறை பஸ் ஹாரன் அடித்தது.

"இத்துடன் கூட்டம் நிறைவுபெறுகிறது."

கல்லூரிக் கீதத்துக்கு எல்லோரும் எழுந்தார்கள். என்னால் எழ முடியவில்லை. மாணவர்கள் கதிரைகளை அடுக்கினார்கள், என்னுடையதைத் தவிர.

"டீச்சர், என் பேரு..."

அவர் கதவை இழுத்துக்கொண்டே சொன்னார்: "அடுத்த வருஷம் பேச வாறவர்கிட்ட சொல்லிப் பாருங்க சேர்."