சுவிட்ச் போடாத மெஷின்

மகள் போன மறுவாரம் சலூனைத் திறந்தேன். சிறுத்தை அடித்துச் செத்துப்போன அந்தப் பெண் என் மகள் என்று கடைக்கு வருபவர்களுக்குத் தெரியாது. பேப்பரில் அவள் படம் இருந்தது. ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு வைத்திருந்தார்கள்.

"இருட்டுன பிறகு பொம்பளப் புள்ளைக்கு வெளியே என்ன வேலை?" என்றார் பேங்க்காரர்.

"வேலை முடிஞ்சுதான் வந்துட்டிருந்தா சார்."

"அப்ப காதுல ஒயர மாட்டிருப்பா. இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்குச் சொன்னா ஏறுதா?"

முடியை வெட்டினேன். கண்ணாடியில் அவர் தலை நரைத்துத்தான் இருந்தது. போர்த்தியிருந்த துணியில் விழுந்ததோ மஞ்சள் முடி. நடுநடுவே கறுப்பு. மிருக ரோமம் மாதிரி முரடாக இருந்தது. அவர் கவனிக்கவில்லை. துணியை உதறிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

வாத்தியார் வந்து உட்கார்ந்தார். பேப்பரைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"பாவம்ப்பா அது."

இத்தனை நாளில் அவளுக்காக ஒருத்தர் சொன்ன முதல் வார்த்தை.

"கூண்டுல அடைச்சிட்டாங்களாம். வாயில்லா ஜீவன், அதுக்கு என்ன தெரியும்?"

"தலையக் குனிங்க சார்," என்றேன்.

பிடரியில் மெஷினை வைத்தேன். உர்ரென்றது.

சுவிட்சை நான் இன்னும் போடவில்லை.